பஸ் ஏறி வந்த முதலாளி

பழனி பஸ் கொடைக்கானல் மலையில் எங்கள் செண்பகனூரில் நின்றதும் முதல் ஆளாக இறங்கியது என் தம்பி சண்முகம். மங்கி குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. மார்போடு அணைத்தபடி ஒரு துண்டுப் பொட்டலம். பஸ் ஜன்னல் வழியாக ஒரு அம்மாள் தலையை நீட்டி, பார்த்து மெதுவாகப் போகும்படி அவனுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் அந்த அம்மாள் என்று கேட்டேன். தெரியாதாம். மலை ஏறும் வழியெல்லாம் இவனுக்கு உட்கார இடம் கொடுத்தவராம். கைக்குழந்தையோடு வருகிறான் என்று நினைத்து...

பெருமாள்மலை வந்தபோது அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வளைவுக்கும் ஒரு குழந்தை அழாமல் வருமா? துண்டை விலக்கி முகத்தைக் காட்டச் சொன்னார். இவன் விலக்கினான். உள்ளே ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பை. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆரஞ்சு மீன்.

வேறு யாராவது என்றால் சீட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். அந்த அம்மாள் கேட்கவில்லை. பாவம், இதற்கும் குளிரும்தானே என்று சொல்லி, ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினாராம்.

எங்கள் மலைக்காரர்களின் மனசு அப்படி. அந்த மனசால்தான் அடுத்து வந்த வினை எல்லாம்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் முதலாளி. பழனியில் அடிவாரத்துக்குப் போகிற தெருவில், ஒரு பக்கம் பஞ்சாமிர்தக் கடை, இன்னொரு பக்கம் ஃபேன்சி ஸ்டோர், நடுவில் என் தம்பியின் வண்ணமீன் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தனித் தொட்டி. அதில் இந்த கோல்டு ஃபிஷ் மட்டும். வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் அதன் மேல்தான் கண் போகும். விலை கேட்பார்கள். சண்முகம் மிகவும் மரியாதையாக, "அது விக்கிறதில்லீங்க. அதுதான் முதலாளி. நான் சம்பளத்துக்கு இருக்கேன்" என்பான்.

எத்தனையோ வருஷமாக இதே ஜோக். எனக்கு அலுத்துவிட்டது. அவனுக்கு அலுக்கவே இல்லை.

ஒரு காலத்தில் அந்தக் கடையைப் பார்க்க வேண்டுமே... மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள் எல்லாம் நேராக அங்கேதான் வந்து நிற்கும். அப்பாவும் மொட்டை, பிள்ளையும் மொட்டை. அப்பா கையில் பஞ்சாமிர்த டப்பா, பிள்ளை கையில் மீன் பை. ரயிலில் அந்தப் பையை யார் மடியில் வைத்துக்கொள்வது என்பதில் அண்ணன் தங்கைக்குள் சண்டை நடக்கும். ஊர் போய்ச் சேருவதற்குள் மீனுக்குப் பெயர் வைத்து முடித்திருப்பார்கள்.

அப்புறம் வாஸ்து மீன் காலம் வந்தது. ரியல் எஸ்டேட்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். தலையில் பெரிய புடைப்பு உள்ள மீன்தான் வேண்டும் என்றார்கள். புடைப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மனை விற்குமாம். மனை விற்காமல் போனபோது மீனைத் திட்டினார்கள். வீட்டுக்கு வரவேண்டிய கஷ்டத்தை எல்லாம் மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு இல்லையா? தண்ணீர் மாற்றாமல் கொன்றுவிட்டு, எங்கள் கஷ்டம் கழிந்தது என்று சந்தோஷப்பட்டவர்களையும் சண்முகம் பார்த்திருக்கிறான். அந்த மாதிரி ஆட்களுக்கு அவன் அடுத்த மீன் கொடுக்கமாட்டான். ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவான். பின்னால் தொட்டி நிறைய நீந்திக்கொண்டிருக்கும்.

இப்போது வந்திருப்பது செடிக் காலம். தொட்டிக்குள் புல்வெளி, மரக்கட்டை, மலை, பாறை, விதவிதமான லைட்... இளைஞர்கள் அற்புதமாகச் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. சென்னையில் என் மகள் வீட்டில் அப்படி ஒரு தொட்டி. அரை மணி நேரம் ரசித்துவிட்டு, மீன் எங்கே என்று கேட்டேன். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றாள். வாங்கியது கொசு அளவில் இருந்தது. படம் எடுத்தால் அழகாக விழுகிறதாம்.

மீனும் கடையில் வாங்குவதில்லை. போனில் ஆர்டர் போட்டால் பார்சலில் வருகிறது. வந்த மீன் சோர்ந்துபோனால் மட்டும் கடை ஞாபகம் வருகிறது. எங்கேயோ வாங்கிய மீனைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்து, ஏன் சாப்பிடவில்லை, ஏன் பக்கவாட்டில் நீந்துகிறது என்று சண்முகத்திடம் கேட்பார்கள். அவனும் உட்காரவைத்து வைத்தியம் சொல்லி அனுப்புவான். கடை நிறையக் கூட்டம். கல்லாவில் மட்டும் ஒன்றும் விழாது.

எங்கள் ஊர் ஹோம்ஸ்டேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். வரவேற்பறையில் பெரிய டிவி. அதில் மீன் தொட்டி வீடியோ. தீனி போட வேண்டாம், கண்ணாடி துடைக்க வேண்டாம், சாகவும் சாகாது. ஒருமுறை அப்படி ஓர் இடத்தில் ஒரு குட்டிப் பெண் டிவி கண்ணாடியைத் தட்டித் தட்டி மீனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் கடைக் கட்டடத்தை இடித்து லாட்ஜ் கட்டப்போகிறோம் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். சண்முகத்துக்கு இரண்டு வழி. வேறு இடம் தேடி மறுபடியும் மீன் தொழிலில் இறங்குவது. அல்லது திருப்பூருக்குப் போவது. அங்கே அவன் மனைவி தேவகியின் அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். குடோன் பொறுப்பு வேலை ஒன்று பேசி வைத்திருந்தார். மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. தைப்பூசத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பிறந்த வீட்டில் இந்த மாதிரி குழப்பம் வந்தால் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, வழியில் போகிற யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். என் கல்யாணம், வீடு வாங்கியது, அப்பாவின் ஆபரேஷன் எல்லாமே பூ சொல்லித்தான் நடந்தது. அதனால் நானும் சண்முகத்திடம் பூக்கட்டிப் பார்த்தாயா என்றுதான் கேட்டேன்.

அவன் துண்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னான்.

"இந்தத் தடவ பூ வேணாம்க்கா. இதுதான் பூ. கடைய விட்டு வந்த எடத்துல முதலாளி பொழச்சுக் கெடந்தா, எனக்கும் இந்தத் தொழில்ல பொழப்பு இருக்குன்னு அர்த்தம். இல்லையா, பேசாம பனியன் எண்ணப் போயிடுறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் இவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை. ஒரு மீனின் உயிரோடு தன் பிழைப்பைச் சேர்த்து முடிந்துகொண்டு, அதை என் வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். இது எனக்கே தெரியும். கோடையில் பழனி வெயில் தாங்காமல் அது தவிக்கும்போது, சண்முகம் தண்ணீர் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் உறையவைத்துத் தொட்டிக்குள் மிதக்க விடுவான். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், இது கொடைக்கானல்ல பொறக்க வேண்டியதுங்க, பாவம் பழனியில மாட்டிக்கிச்சு என்பான். அதனால்தான் கடை காலியானதும் மற்ற மீன்களைத் திண்டுக்கல் நண்பருக்குக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் இங்கே தூக்கி வந்தான். வெள்ளைக்காரத் துரை மாதிரி மலைவாசத்துக்கு.

துரைகள் ஏப்ரலில் வருவார்கள். இவர் வந்தது மார்கழிக் கடைசியில். காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிற சமயம்.

எங்கள் வீட்டுப் பழைய தொட்டி ஒன்றை ஹாலில் வைத்தோம். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பொறுமையாக மீனை இறக்கினான். முதலாளி ஒரு சுற்று வந்தார். மூலைக்குப் போனார். அடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் அப்படியே. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. செவுள் மட்டும் எப்போதாவது அசைந்தது. சண்முகம் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போனது. முகம் அதைவிட ஆறிப்போனது.

இங்கேதான் என் வீட்டுக்காரர் உள்ளே நுழைகிறார். செண்பகனூரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். நல்லவர், மிகவும் நல்லவர். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்... சூடு. தலைவலியா, வெந்நீர் குடி. மனசு சரியில்லையா, கணப்புப் பக்கத்தில் உட்கார். விருந்தாளி வந்தால் நாற்காலிக்கு முன்னால் கம்பளி வரும். கல்யாணமான புதிதில், அம்மா ஞாபகம் வந்து நான் அழுதபோது எனக்கு வெந்நீர்ப் பை கொடுத்தவர் அவர். மலையில் பிரியம் என்றால் அதுதான். யாரையும் குளிரவிடக் கூடாது.

மீன் குளிரில் விறைத்துவிட்டது என்று அவர் ஒரே பார்வையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

நியாயமாக அப்போது சண்முகம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மாமா, இது குளிர்ந்த தண்ணி மீனு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆயிரம் பேரிடம் சொன்ன வசனம்தானே? சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அவனுக்கே பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பழனி வெயிலில் வெந்த உடம்பு. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தான். தனக்கே இப்படி என்றால் அந்த ஜீவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டான். அத்தனை வருஷத் தொழில் அறிவையும் ஒரு நடுக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோல்டு ஃபிஷ் வெயிலில் தவித்து அவன் பார்த்திருக்கிறான். நிஜமான குளிரில் அது எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. பழனியில் எங்கே பார்ப்பது?

ஆக, வைத்தியம் ஆரம்பித்தது. தொட்டியைச் சுற்றிக் கம்பளி. மேலே ஒரு போர்வை. கண்ணாடியோடு ஒட்டி வெந்நீர்ப் பை. குடம் குடமாக வெந்நீர் போட்டு, மாமனும் மச்சானும் மாறி மாறி ஒரு குவளை ஊற்றுவதும், கையை விட்டுப் பார்ப்பதுமாக இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஆறிப்போகும். திரும்ப ஒரு குவளை. விருந்தாளி சாப்பிடவில்லையே என்று என் வீட்டுக்காரர் தீனியை வேறு அள்ளி அள்ளிப் போட்டார். தண்ணீர் கலங்கலாகிவிட்டது. பூம்பாறைப் பூண்டை நசுக்கித் தீனியில் கலந்தால் பசி எடுக்கும் என்று பக்கத்து வீட்டிலிருந்து யோசனை வந்தது. அதையும் செய்தார்கள். ஹால் முழுக்க ரசம் வைத்த வாசனை.

நான் சும்மா இருந்தேனா என்று கேட்காதீர்கள். அந்தக் கம்பளி என்னுடையது.

முதலாளி மேலே வந்தார். வாயைத் தண்ணீருக்கு வெளியே வைத்து மூச்சுக்குத் திணற ஆரம்பித்தார். மேலே வந்துவிட்டாரே, குணமாகிறது என்று என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். சண்முகத்தின் முகம் வெளுத்துவிட்டது. திணறலுக்கும் குணத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எழுந்து தோட்டத்துக்குப் போய்த் தேவகிக்குப் போன் செய்தான். முதலாளிக்கு முடியவில்லை, திருப்பூருக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன் என்றான். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. போனை வைத்தவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த நாள் மதியம் தேவகி வந்து இறங்கினாள்.

என் தம்பி மனைவியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவள். இவன் கடையை விடலாமா கூடாதா என்று மாதக்கணக்கில் புலம்பியபோது அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. திருப்பூர் அவள் அண்ணன் இருக்கிற ஊர். நிலையான சம்பளம். எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை இருக்காது? அவள் விருப்பம் அதுதான், வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். சண்முகமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். கம்பளியைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். வெந்நீர்ப் பையைத் தொட்டுப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் அடுத்த குவளையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வெயில்ல தவிச்சப்ப ஐஸ் போட்டுக் காப்பாத்துன மீனுக்கு யாருண்ணே வெந்நீர் ஊத்துறது?" என்றாள்.

அண்ணன் என்று அழைக்கப்பட்டவர் குவளையை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தேவகி யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கம்பளியை உருவி என் கையில் கொடுத்தாள். அடியில் கிடந்த தீனியை எல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து ஹாலிலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். சண்முகம் பித்துப் பிடித்தவன் மாதிரி வாளி தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் திணறல் நின்றது. முதலாளி பழையபடி அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பவும் அடியில். சண்முகத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, இது பிழைக்காது, உன் அண்ணனிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு என்றான்.

தேவகி கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கேட்கக் கூடாதுதான்... கேட்டது.

"பூக்கட்டிப் பாக்க பூ கெடைக்கலையா உங்களுக்கு? பூவுக்கு உசுரு கெடையாது, எந்தப் பொட்டலம் வந்தாலும் அதுக்கு வலிக்காது. இது வாயில்லாச் சீவன். நம்ம பொழப்ப அது தலையில ஏன் ஏத்தி வைக்கிறீங்க? அது செத்துப்போனாலும் நீங்க மீன்கடைக்காரருதான். எனக்குத் திருப்பூரு வேணாம். நீங்க அங்க போயி தெனமும் வாடுறத நான் உக்காந்து பாக்கணுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அதைக்கூட அணைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இவள் ஒருத்திதான் போர்த்தியதை எடுத்துவிடுவதும் பிரியம்தான் என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மீனுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. தேவகி உத்தரவு. தீனி கிடையாது, வெந்நீர் கிடையாது, தொட்டியைத் தட்டக் கூடாது. என் வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். ஒருவர் குளிரில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒரு உபசாரமும் இல்லை என்றால் அவர் கை சும்மா இருக்குமா? ஹாலைக் கடக்கும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சோலி என்று அந்த நாட்களில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலையில் வெள்ளனே எழுந்து, பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் போன் பேச வேண்டுமானால் பிளம்ஸ் மரத்தடிக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சண்முகம் மரத்தடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தான். மூடுபனியில் ஆள் பாதிதான் தெரிந்தான். குரல் முழுசாகக் கேட்டது. திருப்பூர் மச்சானிடம், மன்னித்துக்கொள்ளுங்கள், நான் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். கடையாக வைக்கமாட்டேன், ஹோம்ஸ்டே, வீடு என்று தொட்டி வைத்துப் பராமரித்துக் கொடுக்கிற வேலையாகச் செய்யப்போகிறேன் என்றும் சொன்னான். தேவகியிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி போனை வைத்தான்.

நான் செம்பருத்திச் செடிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தேன். முதலாளி அடியில் அசையாமல் கிடந்தார்.

பொங்கல் கழிந்தது. மூடுபனி விலகி, ஒருநாள் நல்ல வெயில் அடித்தது. மதிய வெயில் ஜன்னல் வழியாக நேராகத் தொட்டி மேல் விழுந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர். சாதத்தைப் பிசைந்த கையோடு சுட்டிக்காட்டினார். முதலாளி மெல்ல எழுந்து, வாலை ஒரு வீசு வீசி, ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று. அப்புறம் கண்ணாடிப் பக்கம் வந்து, எங்கே தீனி என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார். இத்தனை நாளும் அது சாகக் கிடக்கவில்லை. பனிக்கு அடங்கி, தன் பாட்டுக்குச் சும்மா கிடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள்தான் துள்ளியிருக்கிறோம்.

சண்முகம் ஒரே ஒரு தீனி உருண்டையை விரலால் போட்டான். அது மிதந்தது. முதலாளி வந்து கவ்வினார். இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தேவகி சிரித்தாள். அவள் சிரிக்கும்போது மிகவும் அழகாக இருப்பாள்.

அன்றைக்கே அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். முதலாளி எழுந்துவிட்டார், அதனால் திருப்பூர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன் என்றான். அவளும் சரி என்றாள். தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், பஞ்சாமிர்தக் கடைக்காரர், எல்லோரிடமும் இதே கதைதான். மீன் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது. கேட்டவர்களுக்கும் சந்தோஷம். சாமி கொடுத்த உத்தரவு மாதிரி அல்லவா இருக்கிறது.

இப்போது வாரத்தில் பாதி நாள் மலையில், பாதி நாள் பழனியில் என்று பஸ் ஏறிக்கொண்டிருக்கிறான். கொடைக்கானலில் மீன் வாழாது என்று நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தோம். வெப்பத்தில் வாழ்கிற மீன்களைச் சமவெளியிலிருந்து வாங்கி வந்து, அவை குளிரில் செத்தால் ஊர் மேல் பழி போட்டோம். குளிரை ரசிக்கிற மீனை யாரும் கொண்டுவரவில்லை. டிவியில் மீன் ஓடிக்கொண்டிருந்த அந்த ஹோம்ஸ்டேயில் இப்போது நிஜத் தொட்டி. அங்கே ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டினால், மீன் பயந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. அதுதானே நியாயம்?

போன வாரம் அவன் மட்டும் வந்திருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? மரத்தடியில் நீ பேசியதைக் கேட்டேன், மீன் எழுவதற்கு முன்னாலேயே திருப்பூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், அப்புறம் ஏன் ஊர் முழுக்க முதலாளி மேல் பாரத்தைப் போடுகிறாய் என்று கேட்டேன்.

மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நெளிந்தான். கொஞ்ச நேரம் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவ அன்னைக்குச் சொன்னதுக்கு அப்புறம் எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டியிருக்கலக்கா. மீனு செத்திருந்தாலும் போன் பண்ணித்தான் இருப்பேன்."

அதை அவளிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"எப்புடிக்கா மூஞ்சிக்கு நேரா சொல்றது... வெக்கமா இருக்கு. நீயும் சொல்லிராத."

சத்தியம் வாங்காத குறை. சரி என்று ஒப்புக்கொண்டேன். நான் தேவகியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் பத்திரிகை வந்ததும் அவள் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.